அண்ணன் கொண்டுவந்த நான்கு வீல்கள்

எழுபதைத் தொட்டால் நடுங்கும். அறுபத்தெட்டில் ஒன்றும் இராது. அறுபத்தொன்பதில் கட்டைவிரலுக்கு மட்டும் ஏதோ தெரியும், பக்கத்து அறையில் யாரோ தணிந்த குரலில் பேசுவதுபோல. எழுபதில் அது ஸ்டீயரிங் முழுக்கப் பரவி, முழங்கை ஏறி, தோளைக் கடந்து, பல் ஈறு வரைக்கும் வந்துவிடும். கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டு லாரியாகும். காலை எடுத்துவிடுவேன். எல்லாம் அடங்கிவிடும். வண்டலூர் தாண்டிச் சாலை அகலமாகத் திறந்து கிடக்க, இடப்பக்கம் ஒட்டியே அறுபதில் போவேன். ஷேர் ஆட்டோக்கள் என்னைத் தாண்டிப் போகும்போது உள்ளே இருக்கும் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரண்டு மாதம் அப்படி ஓட்டினேன். ஏன் நடுங்குகிறது என்று எனக்குப் பாதி தெரியும். மீதியைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகத்தான் அறுபதில் ஓட்டினேன்.

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி. பதினோரு வருடம் மின்சார ரயிலில் போய்வந்தேன். நாற்பத்தேழு வயதில் முழங்கால் படிக்கட்டுகளோடு சண்டை போட ஆரம்பித்ததும் ஒரு பழைய கார் வாங்கினேன். ஏதோ ஐரோப்பியக் கம்பெனியின் வண்டி. அந்த மாடல் இப்போது இங்கே விற்பனையில் இல்லை என்பதால் எனக்கு எட்டியது. கனமான கதவுகள். சாத்தினால் பீரோ சாத்துகிற சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே எனக்கு அதைப் பிடித்திருந்தது. வீல்கள் வெறும் இரும்பு. அவற்றை மறைக்கிற பிளாஸ்டிக் மூடியை வீல் கப் என்பார்கள். நான்கில் இரண்டு எங்கோ கழன்று விழுந்திருந்தன. துருப் பிடித்த இரண்டு வீல், மூடி போட்ட இரண்டு வீல், இப்படி ஓடிக்கொண்டிருந்தது வண்டி.

அண்ணன் இருப்பது சேலையூரில். காரில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை ஐந்து வருடமாக இருவருமே கடக்கவில்லை.

காரணம் என் வாய். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில், இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, சாம்பார் வாளியோடு அண்ணனின் இலைக்கு முன்னால் நின்றேன். பெரியப்பா வீட்டார், சித்திகள், தெருக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "நாப்பது நாள் ஆஸ்பத்திரியில அப்பாகூட நான் கெடந்தேன். நீ வந்தது கடைசி நாள்" என்றேன். பொய் இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. அண்ணன் தலை நிமிரவில்லை. மோர் வரைக்கும் சாப்பிட்டான். கை கழுவினான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனான். அதன்பிறகு ஐந்து பொங்கலுக்கு என் வீட்டுக்குச் சீர் வரவில்லை.

பொங்கல் சீர் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, இரண்டு கரும்பு. கூடப் பிறந்தவன் கொண்டுவந்து கூடத்தில் வைப்பான். அந்த அரிசியை நான் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், வாங்கிக்கொண்டும்தான் இருந்தேன். ஆனால் தை பிறக்கும்போது தெருவில் மற்ற வீடுகளில் கரும்பு சாய்ந்து நிற்கும். என் வாசலில் நான் வாங்கிய கரும்பு நிற்கும். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கரும்புக்கும் எனக்கும் தெரியும்.

ஆறாவது வருடம், பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை, போன் அடித்தது.

"பாப்பா, வீட்ல இருக்கியா?"

எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பாப்பா என்று கூப்பிட உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே ஆள் அவன்தான். இருக்கேன் என்றேன்.

வந்தான். முடி நன்றாக நரைத்திருந்தது. டிக்கியைத் திறந்தான். உள்ளே கரும்பு இல்லை. வெள்ளியாய் மின்னும் நான்கு அலாய் வீல்கள், டயரோடு, பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்தான். ஒவ்வொன்றிலும் ஐந்து இதழ் விரித்த பூப்போல ஒரு வடிவம்.

"கேம்ப் ரோடு சிக்னல்ல போன மாசம் உன் பின்னாடிதான் நின்னேன்" என்றான், என்னைப் பார்க்காமல் வீலைப் பார்த்து. "ரெண்டு கப்பு இல்ல. பார்க்கவே சகிக்கல. நான் என் வண்டிய மாத்திட்டேன். பழசுக்குக் கம்பெனி வீலையே போட்டுக் குடுத்துட்டு இதைக் கழட்டி வெச்சுக்கிட்டேன். நான் ஆசையா வாங்கிப் போட்டது. சீர்னு வெச்சுக்கோ."

அவனுடைய பழைய வண்டி ஜப்பான் கம்பெனியுடையது. என்னுடையது ஐரோப்பா. இதை இருவரும் யோசிக்கவில்லை. ஐந்து வருடத்துக்குப் பிறகு வாசலில் நிற்கிறவனிடம் அதையெல்லாம் யார் யோசிப்பார்கள். காபி குடித்தான். கடிகாரத்தைப் பார்த்தான். "பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள மாட்டிடணும், கெளம்பு" என்றான்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஒரு டயர் கடை. எப்போதும் போகிற கடைதான். கடைக்காரர் எங்களைவிடச் சிறியவர், கைகளில் கறுப்பு ஏறியே இருக்கும். போர்வையை விலக்கிப் பார்த்தவர் வீலை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பினார்.

"இன்னா சார், இது வேற கம்பெனி வண்டியோடதாச்சே. பிசிடி பாக்கணும்."

"நாலு ஓட்டை. அந்த வண்டியிலயும் நாலு. இதுல என்ன பாக்கணும்?"

"நாலுன்னா எல்லாம் ஒண்ணாய்டுமா சார்? எனக்கும் என் தம்பிக்கும் ரெண்டு காலு. அவன் பேன்ட்டு எனக்கு ஏறுமா? அளக்குற கேஜ் உள்ள எங்கியோ கீது, தேடி எடுத்துகினு வரேன். பத்து நிமிசம் குடு."

"மணி பத்தேகால். பத்தரைக்குள்ள எலுமிச்சம்பழம் நசுங்கணும். அப்புறம் நீங்க சாயங்காலம் வரைக்கும் வெச்சுப் பாருங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். முன் வீலைக் கழற்றி, அண்ணனின் வீலை அந்த இடத்தில் தூக்கி வைத்தார். உட்கார்ந்தது. எனக்கே தெரிந்தது, உட்கார்ந்ததுபோலத்தான் இருந்தது. "உக்காருது சார். ஆனா..." என்றார்.

"உக்காந்தாச்சுல்ல? போடுங்க."

காற்றில் ஓடும் துப்பாக்கி போன்ற கருவி ஒன்று இருக்கிறது, போல்ட்டை முடுக்குவதற்கு. அது எடுத்ததும் அலறும், பிறகு டக்டக்டக் என்று அதட்டும். அந்த அலறலில் கடைக்காரரின் 'ஆனா' காணாமல் போனது. எனக்கு அது கேட்டிருந்தது. ஆனா என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அண்ணன் முகம் மாறும். மாறினால் அந்த முகத்தை மறுபடி எப்போது பார்ப்பேன் என்று எனக்குத் தெரியாது. பழைய போர்வையை எடுத்து மடித்தேன். பத்து இருபத்தைந்துக்கு நான்கும் ஏறிவிட்டன.

நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான் அண்ணன். நான் வண்டியை நகர்த்தியபோது மூன்று நசுங்கின. நான்காவது பழம் நழுவிச் சாக்கடைப் பக்கம் உருண்டது. ஐம்பத்தைந்து வயது மனிதன் வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி அதைத் துரத்திக்கொண்டு ஓடினான். பிடித்தான், துடைத்தான், திரும்பக் கொண்டுவந்து குந்தி உட்கார்ந்து டயருக்கு அடியில் நேராக வைத்தான். "இப்ப எடு, மெதுவா" என்றான். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஏசி காற்று என்று சொல்லிக்கொள்ளலாம். ஏசி அன்றைக்குப் போடவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோதுதான் எழுபதும் நடுக்கமும் அறிமுகம் ஆயின.

ஞாயிறுதோறும் அண்ணன் போன் செய்தான். "வீல் எப்படி இருக்கு?" இதுதான் முதல் கேள்வி. சூப்பரா இருக்கு அண்ணா என்பேன். "காத்து செக் பண்ணினியா?" பண்ணினேன். "ஆசிட் போட்டுக் கழுவ விடாத, ஷாம்பு போதும்." சரி. பிறகு அவனுக்கும் எனக்கும் சொல்ல ஒன்றும் இராது. போனை வைக்கவும் மனசு வராது. அப்பாவைப் பற்றிப் பேச முடியாது. அந்த ஐந்து வருடத்தைப் பற்றிப் பேச முடியாது. பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கவும் வெட்கமாக இருந்தது, ஐந்து வருடம் கேட்காமல் இருந்துவிட்டு. மிச்சம் இருந்தது வீல்தான். நாங்கள் வீலைப் பேசினோம். மழைத் தண்ணீரில் இறக்காதே. பார்க்கிங்கில் ஓரம் உரசாதே. இரண்டாம் மாதம் ஒரு ஞாயிறு, வீலில் தொடங்கி, தன் சர்க்கரை நோய்க்கு வந்து, சமையலில் தன் மனைவி உப்பைக் குறைத்துவிட்டதுவரை பேசினான். வீல் இல்லாவிட்டால் உப்பு வந்திராது.

"சொல்லிடேன் அவர்கிட்ட" என்று என் கணவரிடமிருந்து வரும் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் அந்த நடுக்கத்தை அனுபவித்துவிட்டு, "இது உங்க வீட்டு சமாச்சாரம். நான் ரயில்ல போய்க்கிறேன்" என்றார்.

சீரைத் திருப்பிக் கொடுப்பது என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வேண்டாம் என்று அதற்குப் பொருள் இல்லை. நீ வேண்டாம் என்று பொருள். போன தடவை அவனிடம் ஓர் உண்மையைச் சொன்னேன், ஐந்து வருடம் போயிற்று. இந்தத் தடவை சொன்னால் எத்தனை? அவனுக்குச் சர்க்கரை, எனக்கு முழங்கால். இன்னொரு ஐந்து எங்கள் இருவரிடமும் இருக்கிறதா?

மார்ச்சில் ஒரு காலை. கூடுவாஞ்சேரிக்கு முன்னால் நடுக்கத்தோடு ஒரு புதுச் சத்தம் சேர்ந்தது. டொக். டொக். யாரோ அடியிலிருந்து விரல் மடக்கித் தட்டுவதுபோல. பெட்ரோல் பங்க் ஒன்றில் ஒதுக்கி நிறுத்திக் குனிந்து பார்த்தேன். வலப்பக்க முன் வீலில் ஒரு போல்ட்டைத் தொட்டேன். கம்மல் திருகாணிபோல விரலுக்கே சுற்றியது. பக்கத்துப் போல்ட்டும் சுற்றியது.

கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சாலையில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. அறுபது என்பது பத்திரமான வேகம் என்று இரண்டு மாதம் எனக்கு நானே சொல்லிவந்ததை நினைத்துக்கொண்டேன். பங்க்காரரிடம் ஸ்பானர் வாங்கி முடுக்கி, முப்பதில் ஊர்ந்து, குரோம்பேட்டைக்கே திரும்பினேன்.

கடைக்காரர் இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. நேராக உள்ளே போய் அந்தக் கேஜை எடுத்துவந்தார். தட்டையான அளவுகோல் ஒன்று. கழற்றிய வீலின் மேல் வைத்தார். பிறகு வண்டியில், வீல் உட்காரும் இடத்தில் வைத்தார்.

"நாலு ஓட்டையும் தொட்டுகினு ஒரு வட்டம் போடுன்னு வெச்சுக்கக்கா. அந்த வட்டத்தோட அகலந்தான் பிசிடி. அண்ணன் வீலு நூறு மில்லிமீட்டரு. உன் வண்டி தொண்ணூத்தெட்டு."

"ரெண்டு மில்லிமீட்டர்தானா?"

"ரெண்டே ரெண்டு. அதான் பேஜாரு. பத்து மில்லிமீட்டர் வித்தியாசம்னா ஏறவே ஏறாது, அன்னைக்கே திரும்பிப் போயிருப்பீங்க. ரெண்டுன்றதால ஏறிக்கிச்சு. ஒவ்வொரு போல்ட்டும் ஒரு பக்கமா சாஞ்சு புடிச்சுகினு கீது. வீலு நடுவுல இல்ல. ஓட ஓட லூசாவும்." கையைத் துணியில் துடைத்தார். "போல்ட்ட மொதல்ல கையில திருகிப் பாக்கணும். கையில போனா அந்த வண்டி வீலு. போவலன்னா வேற வண்டி வீலு. முடுக்குற கன்னு வெச்சா எதையும் உள்ள தள்ளிடும். அன்னைக்கு நானும் கையில பாக்காம வுட்டேன். எம் மேலயும் தப்பு கீது."

"இப்ப இன்னொரு தடவை நல்லா டைட் பண்ணிக் குடுங்களேன்."

"மாட்டேன்."

"எங்க அண்ணன் குடுத்ததுங்க."

"அண்ணன் குடுத்தாருன்னு ரோட்டுக்குத் தெரியுமாக்கா? பழைய வீலு வூட்டுல கீதா? எடுத்துகினு வா."

பழைய வீல்கள் மாடிப்படிக்கு அடியில் இருந்தன. ஆனாலும் நான் கிளம்பவில்லை. அங்கே நின்று, வளர்ந்த ஒரு பெண்மணி கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். பழைய இரும்பு வீலை மாட்டிவிடுங்கள், அண்ணன் வீட்டுக்கு வருகிற நாளில் மட்டும் முந்தின நாளே கொண்டுவருகிறேன், இந்த வீலைப் போட்டுத் தாருங்கள், வாசலில் சும்மா நிற்கட்டும், அவர் போனதும் திரும்ப மாற்றிவிடலாம்.

கடைக்காரர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அவர் வரும்போதெல்லாமா? நவராத்திரி கொலு மாரி எடுத்து வெச்சு எடுத்து வெச்சு... வேணாங்க்கா. அவர்கிட்ட ஒரு தபா சொல்லிடு. அவர் வூட்டுப் புள்ள நீ. வீலு பெருசா, நீ பெருசா?"

அண்ணனுக்கு எது பெரிது என்று எனக்குத் தெரியாததுதான் அந்த ஐந்து வருடமும். ஞாயிறு வரைக்கும் மட்டும் ஓட்ட ஒரு தடவை முடுக்கித் தரச்சொல்லிக் கெஞ்சினேன். ஐம்பதைத் தாண்டக் கூடாது, வேலைக்கு எடுத்துப் போகக் கூடாது என்று சொல்லி முடுக்கினார். பாதிப் போல்ட்டை மாற்றினார். மூன்று நாள் ரயிலில் போனேன். சானடோரியம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறும்போது முழங்கால் எழுபதுபோல நடுங்கியது.

ஞாயிறு காலை அண்ணனைக் கூப்பிட்டேன். வண்டியில் ஒரு சுற்றுப் போய் வரலாம் வா என்றேன். திட்டம் இதுதான்: நான் வாயைத் திறக்கப்போவதில்லை. பெருங்களத்தூர் தாண்டி ஒரே ஒரு நொடி எழுபதைத் தொடுவேன். வண்டியே சொல்லட்டும்.

வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். புதுச் சட்டை. இறங்கிப் போய் நான்கு வீலையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்து பெல்ட் போட்டான். "பளபளன்னு வெச்சிருக்க" என்றான். தாம்பரம் மேம்பாலம் இறங்கினோம். பெருங்களத்தூர் வந்தது. போனது. நாற்பது. நாற்பத்தைந்து. சாலை காலி. ஞாயிறு வெயில் கண்ணாடியில் பரந்து விழுந்தது. என் கால் ஆக்சிலேட்டரின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. பக்கத்தில் இருக்கிறவனைக் கூட்டிக்கொண்டு அந்த எழுபதுக்குப் போக என் கால் ஒப்பவில்லை.

"என்ன பாப்பா, மாட்டு வண்டி ஓட்டுற. மிதி."

"மிதிக்க முடியாது அண்ணா."

"ஏன்?"

ஓரமாக நிறுத்தினேன். இண்டிகேட்டர் டிக்டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. சொன்னேன். தொண்ணூற்றெட்டு, நூறு, கூடுவாஞ்சேரி, திருகாணிபோலச் சுற்றிய போல்ட், எல்லாவற்றையும் முன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னேன். நடுவில் நிறுத்தினால் திரும்பத் தொடங்க மாட்டேன் என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை.

அவன் பெல்ட்டைக் கழற்றினான். கதவைத் திறந்து இறங்கினான். பீரோ சாத்துகிற அந்தச் சத்தம். போய்விட்டான் என்றே நினைத்தேன். எதிர்த் திசையில் போகிற ஆட்டோவைக் கை காட்டப் போகிறான், சேலையூர் என்று சொல்லப் போகிறான். அவன் வண்டியின் முன்னால் சுற்றி வந்து, என் கதவுக்குக் கீழே, வலப்பக்க முன் வீலுக்கு எதிரே குந்தினான். என் ஜன்னலிலிருந்து அவன் நடுவகிடு மட்டும் தெரிந்தது. போல்ட் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான் போல. வெகுநேரம். எழுந்தபோது முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். எங்கள் இருவருக்கும் ஒரே முழங்கால்.

சுற்றி வந்து மறுபடி உட்கார்ந்தான்.

"ரெண்டு மாசமா?"

"ம்."

"வாராவாரம் கேட்டேன்ல? சூப்பரா இருக்குன்ன."

"ஆமா."

"செத்துப் போயிருப்படி." கையால் டேஷ்போர்டைத் தட்டினான், ஒருமுறை, மெதுவாக. "பேசாம ரெண்டு கரும்பு வாங்கிட்டு வந்திருக்கலாம் நான்."

சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவனே கொஞ்சம் சிரித்தான். பிறகு நிறுத்தினான். வெளியே பார்த்தபடி சொன்னான்.

"அப்பா இருந்தப்ப ரெண்டு தடவை வந்தேன். ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும். உள்ள வர முடியல. மூக்குல குழாயோட படுத்திருக்கார்னு நீ போன்ல சொல்லியிருந்த. டீ குடிச்சிட்டுத் திரும்பிப் போயிட்டேன். ரெண்டு தடவையும்."

இது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

"நீ அன்னைக்குச் சொன்னது தப்பில்ல பாப்பா. எல்லார் முன்னாடியும் சொன்ன பாரு, அதுதான்."

"இன்னைக்கு யாரும் இல்லையே."

"ஆமா" என்றான். "அதான் உக்காந்திருக்கேன்." பெல்ட்டை இழுத்துப் போட்டான். ஒரு தடவையில் மாட்டவில்லை, இரண்டாவது தடவை மாட்டியது. "திருப்பு. அந்தக் கடைக்குப் போலாம். உன் இரும்பு வீலு எங்க?"

"மாடிப்படிக்குக் கீழ."

"மொதல்ல வீட்டுக்குப் போய் அதை எடு. இதை நான் எடுத்துட்டுப் போறேன். குடுத்ததைத் திருப்பி வாங்கிட்டேன்னு எவனாவது ஏதாவது சொன்னா நான் பாத்துக்கிறேன்."

அடுத்த திருப்பத்தில் யூ டர்ன் அடித்து, தாம்பரம் பக்கம் வண்டியைத் திருப்பினேன். முப்பதில் ஓட்டினேன். பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்தது. திரும்பவும் அடித்தது. இடப்பக்கம் ஒதுங்க இடம் இல்லை.

"அடிக்கட்டும்" என்றான் அண்ணன். "நீ பாத்து மெதுவாவே போ."